பஞ்சாலையில் பிடித்த காசுக்கு இன்னும் கணக்கு இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 66. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் 27 வருடம் வேலை செய்து, 58 வயதில் ஓய்வு பெற்றேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 14,000 ரூபாய். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,640 வருகிறது. போன வருடம் நெஞ்சுவலி வந்து தனியார் மருத்துவமனையில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். 2,34,000 ரூபாய் ஆனது. மனைவியின் நகைகளை அடகு வைத்து 2,10,000 வாங்கினேன், நூற்றுக்கு இரண்டு வட்டி. எங்கள் இருவருக்கும் மாத்திரைக்கே மாதம் 5,200 ஆகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் மாதம் 4,000 அனுப்புகிறான். அவன் சம்பளமே 19,500தான். இப்போது மனைவிக்கு (வயது 61) இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்ற வேண்டும், 3,60,000 ஆகும், இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் சலுகை உண்டு என்கிறார்கள். ஓர் ஏஜெண்ட், வருடம் 41,000 கட்டினால் இருவருக்கும் 5 லட்சத்துக்குப் பாலிசி என்கிறார். இன்னொருவர், 3,000 கொடுங்கள், அரசுக் காப்பீட்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்கிறார். குடும்ப அட்டையில் நாங்களும் மகன் குடும்பமும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

ஐயா,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த மூன்று நகல்களையும் பார்த்தேன். மருத்துவமனை பில், மருந்துச் சீட்டு, அடகு ரசீது. நீங்கள் மூட்டு அறுவை சிகிச்சையை நினைத்துத்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். என் கண்ணை உறுத்தியது அந்த அடகு ரசீது. 2,10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாத வட்டி 4,200. மாத்திரை 5,200. இரண்டும் சேர்ந்து 9,400. உங்கள் பென்ஷனையும் மகன் அனுப்புவதையும் கூட்டினால் 6,640தான் வருகிறது. அரிசி வாங்கும் முன்பே, கரண்ட் பில் கட்டும் முன்பே மாதம் 2,760 ரூபாய் பள்ளத்தில் நிற்கிறீர்கள். இதற்கு மேல் இன்னொரு கடனைத் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டாம்.

நான் 19 வருடம் மருத்துவமனைகளின் காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். அந்த மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருவார்கள். ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். கணவருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து, டிஸ்சார்ஜ் ஆகும் நாள். மகளின் தாலிக்கொடியை அடகு வைத்துப் பில் கட்டியாகிவிட்டது. ஆட்டோவுக்குச் சில்லறை எடுக்கச் சுருக்குப்பையைப் பிரித்தபோது, வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவிலிருந்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை என் மேசை மேல் விழுந்தது. "இதை ஏன் பாட்டி முதலிலேயே காட்டவில்லை?" என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே, கண்ணு" என்றார். அந்தத் திட்டத்தில் மருத்துவமனை முன் அனுமதி வாங்கினால்தான் பணம் வரும். நாமே கட்டிவிட்ட பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்க வழியில்லை. எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே நடந்து முடிந்த ஸ்டென்ட் செலவை எந்தத் திட்டத்திலிருந்தாவது மீட்க முடியுமா என்று தேடி அலைய வேண்டாம். இனி வரப்போகிற செலவைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு சொல் மட்டும் இல்லை. இ.எஸ்.ஐ.

27 வருடம் பஞ்சாலையில் இருந்திருக்கிறீர்கள். தொழிலாளர்களுக்கான அந்த அரசுக் காப்பீட்டுக்காக மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து காசு பிடித்திருப்பார்கள். வேலையில் இருந்தபோது ஜுரம் என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கியிருப்பீர்கள். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதலில் நுழைந்ததே கோவையில்தான், 1955இல், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக. ஆனால் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கதவு மூடிவிட்டது என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. மூடவில்லை. குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வெளியே வந்த தொழிலாளி, மாதம் 10 ரூபாய் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 120 ரூபாயை முன்பணமாகக் கட்டினால், அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். நூற்றிருபது ரூபாய், அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து. இந்தத் தொகையைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் நான் ஏதோ பூஜ்யத்தை விட்டுவிட்டேன் என்பது போல் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் காலமான பிறகும் மனைவி அதே சந்தாவைக் கட்டித் தொடரலாம்.

இதற்குப் போக வேண்டிய இடம் மருத்துவமனை இல்லை, உங்கள் பகுதிக்கான இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். உங்கள் பழைய இன்சூரன்ஸ் எண் வேண்டும். ஓய்வு வயதில்தான் வேலையை விட்டீர்கள் என்பதற்கு மில் கொடுத்த கடிதம் வேண்டும். மில்லே மூடிப் போய், இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது என்றால்? கோவையில் இது நிறைய பேருக்கு வரும் சிக்கல். அப்போது பி.எஃப். பென்ஷன் ஆணையையும், வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி உள்ள பி.எஃப். விவரத்தையும், பழைய சம்பளச் சீட்டு ஒன்றாவது மிச்சமிருந்தால் அதையும் கொண்டு போங்கள். இன்சூரன்ஸ் எண் நினைவில் இல்லையென்றால் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பச்சை, வெள்ளை அட்டைகளைத் தேடிப் பாருங்கள். கூட வேலை செய்த நண்பர்களிடமும் கேளுங்கள். ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து இருப்பதுண்டு. அலுவலகத்தில் தேடிக் கண்டுபிடிக்க அது ஒரு நூல்முனை. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிவிட்டதே, இனி எங்கே தரப் போகிறார்கள் என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் 'முடியாது'க்கும் எழுத்தில் தரும் 'முடியாது'க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். பல சமயம் இரண்டாவது வராது.

இன்னொரு வழியும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகனின் சம்பளம் 19,500 என்றீர்கள். இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அவருடைய சம்பளச் சீட்டில் 147 ரூபாய் போலப் பிடித்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவர் இ.எஸ்.ஐ. உறுப்பினர். மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத, மகனை நம்பியிருக்கும் பெற்றோரையும் அவர் தன் குடும்பத்தில் சேர்க்கலாம். உங்கள் பென்ஷன் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. பெரும்பாலான பையன்கள் வேலைக்குச் சேரும்போது மனைவி, குழந்தை பெயரைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பெயரை விட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, படிவம் நிரப்பும் அவசரம். கம்பெனியின் பணியாளர் பிரிவில் சொல்லி இப்போதும் சேர்க்கலாம். அவர் திருப்பூரிலும் நீங்கள் கோவையிலும் இருப்பது தடையில்லை. குடும்பத்துக்கு வேறு ஊர் மருந்தகத்தைக் குறித்துக்கொள்ள வழி உண்டு. பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும், மகன் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

இரண்டில் எது என்றால், என் ஓட்டு உங்கள் சொந்த 120 ரூபாய்க்குத்தான். மகனுக்கு இரண்டு முறை சம்பளம் கூடினால் 21,000ஐத் தாண்டிவிடுவார், அதோடு அந்த வழி அடைபட்டுவிடும். வேலை மாறினாலும் சிக்கல்தான். உங்கள் 27 வருடத்தை யாரும் மாற்ற முடியாது. உங்களுடையது முடிந்து கைக்கு வரும்வரை மகன் வழியை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. உறுதியானால் உங்கள் மாத்திரைச் செலவு அடியோடு குறையும். மருந்தகத்தில் எழுதித் தரும் மருந்துகளுக்குக் காசு இல்லை. சிங்காநல்லூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நீங்கள் வேலை செய்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, டோக்கன் வாங்கக் காலையிலேயே போக வேண்டியிருக்கும். ஆனால் மாதம் 5,200 ரூபாய் மிச்சமாகும் என்றால், பேப்பர் படித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், ஐயா.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் வேறு பெயரில் தொடங்கி, 2012இல் இந்தப் பெயருக்கு வந்து, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் குடும்ப அட்டை குறுக்கே வருகிறது. மகனின் வருமானம் மட்டுமே வருடம் 2,34,000. (உங்கள் ஸ்டென்ட் பில்லும் அதே தொகை. மகனின் ஒரு வருட உழைப்பு அப்படியே இரண்டு நாளில் போயிருக்கிறது.) ஒரே அட்டையில் இருக்கும்வரை நீங்கள் வரம்பைத் தாண்டியவர்கள்தான்.

அட்டையைப் பிரித்தால் போதும் என்று யாராவது தந்திரமாகச் சொல்லியிருப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு காகிதத்தில் மட்டும் பிரிவதை நான் சொல்ல மாட்டேன், அது பொய்க் கணக்கு. ஆனால் உங்கள் கதை அப்படி இல்லை. மகன் குடும்பம் திருப்பூரில் தனியாக வாடகை கொடுத்து வாழ்கிறது, நீங்கள் இருவரும் கோவையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள். இருக்கிற நிலையை அட்டையில் இருக்கிறபடி காட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. பெயர் நீக்கம், புதிய அட்டை இரண்டுக்கும் விண்ணப்பித்து, அது வந்ததும் வருமானச் சான்றிதழ் வாங்குங்கள். இ-சேவை மையத்தில் அதற்கான கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தால் பென்ஷனையும் மகன் அனுப்புவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் கூட்டினாலும் வருடம் 79,680தான் வருகிறது. பிறகு ஆதாரோடு இருவரும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நேரில் போக வேண்டும். பழைய காலத்து அட்டை ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சிலர் பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கும், அவர்களுக்கே தெரியாது. சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்பணம் கேட்டால் புகார் சொல்லவும் அதே எண்தான்.

3,000 ரூபாய்க்கு அட்டை வாங்கித் தருகிறேன் என்ற நண்பருக்கு ஒரு காபி மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது.

இ.எஸ்.ஐ. கிடைத்துவிட்டால் அதை முதல் வழியாகவும், காப்பீட்டு அட்டையை அங்கே முடியாதவற்றுக்கான இரண்டாவது வழியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சிகிச்சைக்கு இரண்டு பக்கமும் கேட்க முடியாது.

இப்போது அம்மாவின் மூட்டு. இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் சலுகையாம். மூட்டுக்கும் ஆடித் தள்ளுபடி வந்துவிட்டது! மூட்டு மாற்று சிகிச்சை நெஞ்சுவலி போல இன்றிரவே முடிவெடுக்க வேண்டிய காரியம் இல்லை. மாதக்கணக்கில் யோசித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பல்லில், சிறுநீரில் கிருமித்தொற்று இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நல்ல மருத்துவர்கள் கத்தியைக் கையில் எடுப்பார்கள். முதலில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் எக்ஸ்ரேயைக் காட்டி இன்னொரு கருத்துக் கேளுங்கள். இரண்டையும் இப்போதே மாற்ற வேண்டுமா, ஒன்று போதுமா, இயன்முறைப் பயிற்சி செய்து சில காலம் தள்ளலாமா என்று நேராகக் கேளுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளிலேயே காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று செய்கிறார்கள். வரிசை இருக்கும். உங்கள் அட்டை வேலைகள் முடியவும் அவர்கள் தேதி கொடுக்கவும் சரியாக இருக்கும்.

செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்ட் முதல் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. எந்த மருத்துவமனையில் செய்தாலும், எந்தக் கம்பெனி மூட்டு, என்ன விலை என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இதைச் சொல்லும்போதே உங்கள் ஸ்டென்ட் பில்லுக்கு வருகிறேன். அதில் ஒரு வரி: 'இதயப் பிரிவு உபகரணங்கள் – 96,400'. ஸ்டென்ட் என்ற சொல்லே பில்லில் இல்லை. ஸ்டென்டுக்கும் 2017 பிப்ரவரியில் விலை வரம்பு வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது 29,600 ரூபாய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியும் இன்னும் 40,000க்குள்தான் இருக்கிறது. ஸ்டென்டின் பெயர், தயாரித்த கம்பெனி, தொகுதி எண், விலை இவற்றைத் தனியாகக் காட்டியே பில் தர வேண்டும் என்பது விதி. 96,400இல் பலூன், ஒயர், கதீட்டர் எல்லாம் சேர்ந்திருக்கலாம், உடனே தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் விவரமான பில் கேட்பது உங்கள் உரிமை. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். விலை வரம்பைத் தாண்டியிருந்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். பணம் திரும்பி வரும் என்று நம்பி இதைச் செய்யாதீர்கள். வந்தால் லாபம்.

பாலிசி பற்றி. 41,000 ரூபாய். உங்கள் பென்ஷன் வருடத்துக்கு 31,680. ஒரு வருட பென்ஷன் முழுவதையும் கொடுத்து, மேலே 9,320 கடன் வாங்கிக் கட்டச் சொல்கிறார் அந்த ஏஜெண்ட். கட்டினாலும் என்ன கிடைக்கும்? மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டு காத்திருப்பு. ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் மூன்று ஆண்டு வரை காத்திருப்பு. அதற்குப் பிறகும் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்ற விதி மூத்தோர் பாலிசிகளில் சாதாரணம். உங்களுக்கு வேண்டிய இரண்டுமே காத்திருப்பில் மாட்டுகின்றன. அப்போதைக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். வாங்க வேண்டாம்.

பாலிசியே தப்பு என்று சொல்ல வரவில்லை. 45, 50 வயதில் இதைப் படிக்கிறவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். 65 வயதுக்கு மேல் தர வேண்டியதில்லை என்றிருந்த பழைய வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. யாராவது 18 சதவீதம் சேர்த்துக் கணக்குச் சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

இ.எஸ்.ஐ.யோ அட்டையோ கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை மாத்திரைக்கு என்ன வழி என்றால், அந்த மருந்துச் சீட்டை நான் உட்கார்ந்து படித்ததில் உங்களுக்கு ஐந்து, அம்மாவுக்கு நான்கு. ஒன்பதில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரியவை ஐந்து. இவை உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெயரைப் பதிந்துகொண்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பவர்களும் உண்டு. அம்மாவின் மூட்டுக்காகவே கேளுங்கள். மிச்சமுள்ள நான்குக்கு மக்கள் மருந்தகம், அல்லது 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம். அங்கே பிராண்ட் பெயரைச் சொன்னால் 'இல்லை' என்பார்கள். மருத்துவரிடம் மருந்தின் மூலப் பெயரை, மில்லிகிராம் அளவோடு எழுதி வாங்கிப் போங்கள். சீட்டில் இரண்டு வைட்டமின் மாத்திரைகள் மட்டுமே மாதம் 780 ரூபாய் தின்கின்றன. அவை அவசியம்தானா என்று அடுத்த முறை கேளுங்கள். ஆனால் ஸ்டென்டுக்காக எழுதியிருக்கும் ரத்தம் உறையாத மாத்திரையை, விலை அதிகம் என்று நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள். எதை மாற்றினாலும் மருத்துவர் வாயால் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

நகைக்கு வருவோம். வருடத்துக்கு 24 சதவீதம் வட்டி கட்டுகிறீர்கள். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக்கடன் 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால் மாதம் 4,200 என்பது 1,750 ஆகும். மிச்சம் 2,450, கிட்டத்தட்ட இன்னொரு பென்ஷன். மீட்கக் கையில் பணம் வேண்டுமே என்பீர்கள். உங்கள் ரசீதைப் பார்த்தால் நகைகளை இரண்டு தனிச் சீட்டாக வைத்திருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. சிறிய சீட்டு 60,000. மகனோ மைத்துனரோ நாலு நாளைக்கு அந்தத் தொகையைப் புரட்டித் தந்தால், அதை மீட்டு வங்கியில் வைத்து, வரும் பணத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு பெரிய சீட்டுக்கும் அதே போல. பிற கடையில் உள்ள நகையைத் தாங்களே மீட்டுத் தங்கள் கடனாக மாற்றிக்கொள்ளும் வங்கிகளும் இருக்கின்றன. அடகுக் கடைக்காரரிடம் முன்கூட்டியே எதையும் சொல்ல வேண்டாம்.

பிற உதவிகளைப் பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் நிவாரண நிதி இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு ஒரு பகுதி தருவதுண்டு, அதுவும் சிகிச்சைக்கு முன் விண்ணப்பித்தால். மூட்டுக்கு அங்கே போக வேண்டாம். முதியோர் உதவித்தொகை ஆதரவற்றோருக்கானது, உங்களுக்கு வராது. 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது உங்களுக்கு இன்னும் நாலு வருடத்தில் வரும். வீட்டில் 70 தாண்டிய அக்காவோ அண்ணனோ இருந்தால் ஆதாரோடு அதே ஆட்சியர் அலுவலக மையத்தில் விசாரிக்கட்டும்.

எதை முதலில் என்று குழம்ப வேண்டாம். திங்கட்கிழமை மகனுக்குப் போன் செய்து சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றே டிரங்குப் பெட்டியைத் திறந்து மில் காகிதங்களை எடுங்கள். செவ்வாய்க்கிழமை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். கையில் ஆதார், பென்ஷன் ஆணை, இருவரின் புகைப்படம், 120 ரூபாய். போகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள், அவரையும் கூட அழைத்துப் போக வேண்டும். மூட்டு மருத்துவமனையிலிருந்து சலுகை முடிகிறது என்று போன் வந்தால், "எக்ஸ்ரேயை மட்டும் கொடுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த எக்ஸ்ரேக்கு நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், அது உங்களுடையது.

கிளை அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எழுத்தில் மறுப்புக் கொடுத்தால் அதன் நகலையும் வையுங்கள். மேல்முறையீட்டுக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.